சூசை அண்ணனின் வெறுங்கால்கள்

1

ஒரு மனிதரின் வெறுங்கால்களை அகற்றும்படி சென்ற மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கவில்லை. இங்கே அமெரிக்காவில் எதையும் பச்சையாக எழுதமாட்டார்கள். 'உடனடிக் கவனத்துக்கு' என்று தலைப்பு, அதன் கீழே மூன்றே வரி. நான் நடத்தும் இணையவழிப் பயிற்சியில் ஓர் ஆசிரியர் ஏற்றியிருந்த வீடியோவில் அவரும் அவருடைய மாணவர்களும் காலணி இல்லாமல் என்ஜின் பழுதுபார்க்கிறார்கள். அந்த வீடியோவை எடுத்துவிட வேண்டும். அவர் சேர்ந்திருக்கும் 'வெளிநாட்டுக் குழு'வை மறு அறிவிப்பு வரை நிறுத்திவைக்க வேண்டும். கீழே, நான் வேலை பார்க்கும் கல்லூரியின் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி லிண்டாவின் பெயர்.

அந்த வெளிநாட்டுக் குழு கடியப்பட்டணத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது. லிண்டாவுக்கு அது வெளிநாடு. எனக்கு, வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வந்த முதல் வேலை அங்கேதான்.

வீடியோவில் இருந்தவர் சூசை அண்ணன். அதை எடுத்துவிட்டால் அவருக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தக் கல்வியாண்டோடு அவருக்கு வேலை கிடையாது. இது லிண்டாவுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "வார இறுதிக்குள் பதில் சொல்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, மதியத்துக்குக் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றைச் சூடாக்கப் போனேன். கோபம் வந்தால் உடனே பதில் எழுதக்கூடாது என்பது இந்த ஊரில் நானாகக் கற்றுக்கொண்ட முதல் விதி.

2

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளக்கிச் சமாளிக்க முடிந்ததில்லை. அம்மாவுக்கே இரண்டு வருடம் ஆயிற்று.

"தொழில் படிப்பிக்கிற வாத்தியாருமாருக்கு, எப்படிப் படிப்பிக்கணும்னு படிப்பிக்கிற சோலிம்மா."

"வாத்தியாருக்கு வாத்தியாரா? ஒன்ன அடிக்கமாட்டானுவளா மக்ளே?"

"நேர்ல பாத்தாத்தான அடிப்பாவ. எல்லாம் கம்ப்யூட்டர்லதான்."

"அப்பம் கொள்ளாம்" என்று நிம்மதிப்பட்டாள் அம்மா. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மகள் கம்ப்யூட்டரில் இருக்கிறாள் என்றுதான் இன்றுவரை சொல்கிறாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

வாசிக்கிற உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் நடுப்பகுதியில், பாதி வருடம் பனி கிடக்கும் ஒரு மாநிலம் இது. இங்கே உயர்நிலைப் பள்ளியிலேயே வெல்டிங், கார் பழுது, சமையல், நோயாளிப் பராமரிப்பு என்று தொழில் வகுப்புகள் உண்டு. அவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் கல்வியியல் படித்தவர்கள் அல்லர். வெள்ளிக்கிழமை வரை தொழிற்சாலையில் வெல்டர், திங்கட்கிழமை காலை வகுப்பு நிறையப் பிள்ளைகளுக்கு முன்னால் ஆசிரியர். அரசு அவர்களுக்கு ஒரு தற்காலிக உரிமம் கொடுக்கிறது. குறித்த காலத்துக்குள் ஆசிரியப் பயிற்சி முடிக்காவிட்டால் அது காலாவதி. அவர்களோ ஆளுக்கொரு சிற்றூரில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில், ஒருவருக்கொருவர் மணிக்கணக்கான தூரத்தில் இருப்பவர்கள். அதனால் பயிற்சி அவர்களைத் தேடி இணையத்தில் போகிறது. அதைக் கட்டுவது என் வேலை.

வந்த புதிதில் இவர்களை எல்லாரும் 'ஷாப் டீச்சர்' என்றார்கள். ஷாப் என்றால் இங்கே பட்டறை. நான் கடை என்று நினைத்துக்கொண்டு, முதல் கூட்டத்திலேயே, கல்லாவில் நிற்கவும் பயிற்சி உண்டா என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

எனக்கு முன்னால் இருந்த பயிற்சி எப்படி இருந்தது என்றால்: ஒரு பக்கம் வாசி, 'அடுத்து' என்ற பொத்தானை அழுத்து, இன்னொரு பக்கம் வாசி, கடைசியில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு. வெல்டிங் ஆசிரியர்கள் அதைத் தங்கள் மனைவிமாரிடம் கொடுத்து அழுத்தச் சொன்னதாகப் பின்னால் தெரியவந்தது. நான் அதை முழுதாகத் தூக்கி எறிந்தேன். புதிய பயிற்சிக்கு ஒரே விதி. ஒவ்வோர் ஆசிரியரும் தன் பட்டறையில் ஒரு பாடம் நடத்தி வீடியோ எடுத்து ஏற்ற வேண்டும். வேறு தொழில் ஆசிரியர்கள் அதைப் பார்த்து இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது? பிள்ளைக்கு எங்கே அடிபட்டிருக்கும்? பிறகு அந்த ஆசிரியர் அதே பாடத்தைத் திருத்தி, இரண்டாம் வீடியோ எடுக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருக்கும். அவ்வளவுதான் பயிற்சி.

வேறு தொழில்காரர் பார்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெல்டரின் பாடத்தை வெல்டர் பார்த்தால், சொல்லாமல் விட்டதையும் தானே நிரப்பிக்கொள்வார். சமையல் டீச்சரால் நிரப்ப முடியாது. "இந்த இடத்தில் கையில் என்ன எடுத்தார், ஏன் எடுத்தார்?" என்று அவர் கேட்பார். மாணவனும் அதைத்தான் கேட்க நினைத்திருப்பான்.

3

நான் இதையெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு நிவாரணமாக மீன்பிடிக்கும் பைபர் வள்ளங்களும் புது என்ஜின்களும் வந்து குவிந்தன. வந்த என்ஜின்களைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆட்கள் போதவில்லை. அப்போது தொடங்கியதுதான் அந்தத் தகரக் கொட்டகைப் பயிற்சி நிலையம். ஒரு பக்கம் என்ஜின் பழுது, இன்னொரு பக்கம் வயரிங். நடுவில் இடுப்புயரச் சுவர். மின் பொறியியலில் டிப்ளமோ முடித்த கையோடு வயரிங் பக்கத்துக்கு நான் போனேன். என்ஜின் பக்கம் சூசை அண்ணன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அதைப் பற்றிக் கொஞ்சமும் கூச்சப்படாதவர். குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

என் முதல் வகுப்பின் நடுவில் சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது.

"ஏட்டி செலின், அந்தப் போர்டுக்கா கிளாஸ் எடுக்கே? பயலுவ இந்தப் பக்கம்லா இருக்கானுவ!"

"ஒங்க என்ஜின் மூணு நாளா தும்மிக்கிட்டே கெடக்கு அண்ணே. மொதல்ல அதுக்கு மருந்து குடுங்க."

இரண்டு பக்கமும் சிரித்தது. அதற்குப் பிறகு நான் பலகையைப் பார்த்துப் பேசியதில்லை. அவர் என்ஜினும் தும்முவதை நிறுத்தவில்லை. வேண்டுமென்றே கெடுத்துவைத்து மாணவர்களிடம் கொடுப்பார் என்று பிறகுதான் தெரிந்தது.

கொட்டகை வாசலில் எப்போதும் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். எங்கள் கரையில் வள்ளத்தில் யாரும் செருப்போடு ஏறுவதில்லை. சோறு போடுகிற மரம் என்பார்கள். இப்போது மரம் போய் பைபர் வந்துவிட்டாலும் செருப்பு கரையில்தான். சூசை அண்ணனின் கணக்கில் என்ஜினும் வள்ளம்தான், கழற்றிக் கரையில் வைத்தாலும் வள்ளம்தான். ஆகவே என்ஜின் இருக்கிற கொட்டகைக்குள்ளும் செருப்பு கூடாது. நானும் கழற்றிவிட்டுத்தான் நடந்தேன். மின்சாரம் சொல்லிக்கொடுக்கிற பக்கத்துக்காவது ரப்பர் செருப்பு வேண்டும் என்று சண்டை போட்டு, சுவருக்கு என் பக்கத்தில் மட்டும் விலக்கு வாங்கினேன்.

4

சென்ற ஆண்டு அந்த நிலையத்துக்குப் புதிய மேலாளர் வந்தார். வந்ததும் ஆசிரியர்களின் சான்றிதழ்களைக் கேட்டார். பயிற்சிச் சான்று இல்லாதவர்களை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள முடியாது என்று பலகையில் ஒட்டினார். சூசை அண்ணன் என்னை அழைத்தபோது எனக்கு மாலை, அவருக்குக் காலை.

"மக்கா, நீ வாத்தியாருமாருக்கு எதோ பேப்பர் குடுக்கியாமே. ஒங்கம்மா பறஞ்சாவ."

"சும்மா குடுக்கமாட்டேன். படிக்கணும்."

"நான் படிச்சிருந்தா ஒன்கிட்ட எதுக்கு வாரேன்?"

எங்கள் கல்லூரிக்கு அந்த ஆண்டு தன் விளம்பரக் கையேட்டில் 'பன்னாட்டு' என்ற சொல்லைப் போட்டுக்கொள்ள ஆசை இருந்தது. நான் கேட்டதும் ஊர் ஆசிரியர்கள் சிலருக்குக் கட்டணமில்லாமல் இடம் கொடுத்தார்கள். இடம் வாங்கியதைவிடப் படிவத்தை நிரப்புவதுதான் கடினமாக இருந்தது. குடும்பப் பெயர் இல்லாமல் படிவம் நகராது. சூசை அண்ணனுக்கு இருப்பது சூசை மட்டும்.

"அப்பா பேரப் போடலாமா அண்ணே?"

"அவரு பேரும் சூசைதாம்ட்டி."

அப்படித்தான் அவர் எங்கள் கல்லூரியில் சூசை சூசை ஆனார். மணவாளக்குறிச்சியின் அஞ்சல் குறியீட்டில் ஓர் எண் கூடுதல் என்று படிவம் திருப்பி அனுப்பியது. ஆசிரியர் உரிம எண் கேட்டது. 'பள்ளி மாவட்டம்' கேட்டது. கன்னியாகுமரி என்று எழுதினால் பட்டியலில் இல்லை என்றது. நான் கணினிப் பிரிவுக்குப் போய், ஒவ்வொரு கட்டமாக அவர்கள் திறந்துவிடும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஊரில் அந்த நாட்களில் மின்வெட்டு. நேரடி வகுப்பில் சூசை அண்ணன் வாயைத் திறந்ததும் திரை இருண்டுவிடும். இவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். "கரண்டு போச்சு" என்பதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "எத்தனை நாளைக்கு?" என்று அக்கறையாகக் கேட்டார் ராய். பனிப்புயலில் கம்பி அறுந்தால் மட்டுமே மின்சாரம் போகும் ஊர்க்காரர் அவர்.

ராய் வெல்டிங் ஆசிரியர். மலை போன்ற உடம்பு. சூசை அண்ணனின் பாடத்தைப் பார்த்து எழுத வேண்டியவர்களில் ஒருவர்.

5

அந்த வீடியோ இதுதான். மரச் சட்டத்தில் மாட்டிய என்ஜின். சுற்றி எட்டோ ஒன்பதோ மாணவர்கள். சூசை அண்ணன் கயிற்றை இழுக்கிறார். என்ஜின் இருமிவிட்டு நின்றுவிடுகிறது.

"இது எதுக்குலே எடுக்கமாட்டங்கு?"

பிறகு அவர் வாயை மூடிக்கொள்கிறார். கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்க்கிறார். ஒருவன் பெட்ரோல் இல்லை என்கிறான். பதில் இல்லை. இன்னொருவன் பிளக் நனைந்திருக்கும் என்கிறான். சரி என்றோ தப்பு என்றோ சொல்லாமல், பிளக் கழற்றும் ஸ்பேனரை அவன் கையில் வைக்கிறார். கழற்றிப் பார்க்கிறார்கள். காய்ந்துதான் இருக்கிறது. மறுபடி அமைதி. கடைசியில் ஒருவன் பெட்ரோல் டப்பாவை வெயிலுக்குத் தூக்கிப் பார்த்துக் கத்துகிறான்: "அண்ணே, அடியில வெள்ளம் கெடக்கு!" பெட்ரோலில் தண்ணீர். அப்போதுதான் சூசை அண்ணன் வாயைத் திறக்கிறார்: "இத மொதல்லே பாத்திருந்தா இத்தற பாடு உண்டாலே?"

நான் கீழே ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்த்து ஏற்றினேன். முதல் கேள்விக்கு ராய் எழுதிய பதில் என் நினைவில் அப்படியே இருக்கிறது. "இந்த ஆள் கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். நான் என் வாழ்க்கையில் ஒரு முறையும் சும்மா இருந்ததில்லை. என் மனைவியிடம் கேட்டுப்பாருங்கள்." இரண்டாம் கேள்விக்கு ஒரே வரி: "காலணி எங்கே? ஒருவர் காலிலும் இல்லையே!"

அது சரியான பதில். அதைத்தான் எழுத வேண்டும் என்றுதான் அந்தக் கேள்வியே இருக்கிறது. ஆனால் ராயின் அந்த ஒரு வரியை யாரோ பாதுகாப்புப் பிரிவுக்குத் தட்டிவிட்டார்கள்.

அன்று மாலை வீட்டில் அந்த வீடியோவை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆறு வயது மகள் ரியா பின்னால் வந்து நின்றாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற கட்டம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

"அவர் ஏழையா?" என்றாள், ஆங்கிலத்தில்.

"ஏன்?"

"ஷூ இல்லையே."

"இப்போ உன் காலில் என்ன இருக்கு?"

குனிந்து பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் காலணியோடு உள்ளே வருவதில்லை. "இது வீடு" என்றாள், கொஞ்சம் தடுமாறி.

"அவருக்கு அது வீடு மாதிரி."

அவள் சமாதானமாகவில்லை. "ஆனா அந்த மெஷின் விழுந்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். என் சித்தப்பாவின் இடது காலில் பெருவிரல் நகம் கிடையாது. தோளில் தூக்கிப்போன என்ஜின் ஈர மணலில் நழுவி விழுந்த காயம் அது. சித்தப்பா அதை ஒரு பெருமையாகவே சொல்வார். எனக்குச் சிறுவயதிலிருந்தே அந்த விரலைப் பார்க்கப் பிடிக்காது.

6

கூட்டத்துக்கு லிண்டா ஒரு கோப்போடு வந்திருந்தார். மரியாதையான பெண். என் மேலாளர் சுவரோரம் உட்கார்ந்து காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலணி அணியாதது மதக் காரணமா?" என்று கேட்டார் லிண்டா.

"ஏன் கேட்கிறீர்கள்?"

"மதக் காரணம் என்றால் அது வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் இது விதிமீறல்."

இரண்டே கட்டம். எங்கள் கரை இரண்டிலும் அடங்கவில்லை. "சக தொழிலாளியான என்ஜினுக்குக் கொடுக்கும் மரியாதை" என்றேன். அதற்குக் கட்டம் இல்லை என்று அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

"அவர்களுக்கு ஆபத்து தெரியவில்லை, பாவம்" என்றார் பிறகு.

அந்தப் 'பாவம்'தான் என்னைக் கிளப்பியது. நான் குரலை உயர்த்தவில்லை. மடிக்கணினியைத் திறந்து பயிற்சியில் இருந்த மற்ற வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டினேன். ராய் விரலில் கல்யாண மோதிரத்தோடு மின்வெல்டிங் செய்கிறார். பராமரிப்பு ஆசிரியை முதுகை வளைத்து நோயாளியைத் தூக்கிக் காட்டுகிறார். கார் ஆசிரியர் ஜாக்கி மட்டும் தாங்குகிற வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கிறார். சமையல் ஆசிரியையின் கத்தி மேசை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கிறது.

"இவர்களில் யாருடைய வீடியோவை எடுக்கச் சொன்னீர்கள்?"

"இவர்கள் இரண்டாம் வீடியோவில் திருத்திக்கொள்வார்களே."

"அவரும் இரண்டாம் வீடியோ எடுக்க வேண்டியவர்தான். இவர்களுக்குத் திருத்த அவகாசம், அவருக்கு அழிப்பு. இதுதானே நீங்கள் எனக்கு அனுப்பிய உத்தரவு? அவருக்கு ஆபத்து தெரியும். தெரிந்தே கழற்றினார். தெரியாதவரை நீக்கலாம், தெரிந்தவரோடு வாதாட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சி."

மேலாளர் முதல்முறையாக நிமிர்ந்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் இரண்டாம் வீடியோ வந்தால் பார்க்கலாம் என்றார். முதல் வீடியோவை அதற்குள் அழித்துவிட வேண்டும் என்றார் லிண்டா.

"அழிக்கமாட்டேன்" என்றேன். "இரண்டும் அருகருகே இருந்தால்தான் அது பாடம்."

ஒப்பந்தப் பணியாளர் ஒருத்தி அப்படிச் சொல்லி அந்த அறை கேட்டதில்லை போலிருக்கிறது. எனக்கும் பழக்கமில்லை.

7

அடுத்த சண்டையை ஊரோடு போட்டேன்.

"செருப்பு போட்டுட்டு நான் என்ஜின்கிட்ட போணுமா?" சூசை அண்ணனின் குரலுக்கு அலைபேசி தேவையே இல்லை. "வெள்ளக்காரன் சொன்னாம்னு?"

"வெள்ளக்காரன் சொல்லல. நான் சொல்லுதேன்."

"ஏட்டி, ஒனக்கு அங்க போயி காலு மொளச்சிட்டா? நீ இங்க நடக்கும்பம் எங்க போட்டிருந்த செருப்ப?"

"என் பக்கத்துல ரப்பர் செருப்பு போட்டுத்தான் நடந்தேன், மறந்துபோச்சா? அண்ணே, எங்க சித்தப்பா வெரலப் பாத்திருக்கியளா?"

"எல்லாம் பாத்திருக்கு. அதுக்காவ, சோறு போடுதத மிதிக்கச் சொல்லுதியா?"

"பள்ளியில பூச வைக்கும்பம் சாமியாரு பீடத்துல செருப்பு போட்டுட்டுத்தான நிக்காரு. அவரு மிதிக்காரா?"

"சவத்த, என்ன பேச்சு பேசுதா பாரு! அது சக்ரீஸ்துல, சாமியாரு உடுப்பு மாத்துத அறையில வச்சிருக்க செருப்புட்டி. பூசைக்குப் போடுதது. ரோட்டுல போட்டுட்டு வாரதில்ல. ரோட்டுச் செருப்பு வேற, அது வே…"

பேச்சு அங்கே நின்றது. அவர் மாணவர்களிடம் செய்வதைத்தான் செய்தேன், சும்மா இருந்தேன்.

"நீ என்ன சொல்ல வாரன்னு எனக்குத் தெரியும்" என்றார் கடைசியில்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லாண்டாம். போனை வை."

வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் அழைப்பை எடுக்கவில்லை. அம்மாவிடம் விசாரித்தேன். "அவன் வீடு வீடா ஏறி இறங்குதான் மக்ளே. என்னத்துக்குன்னு கேட்டா பல்ல இளிக்கான்" என்றாள். கொஞ்சம் கழித்து அம்மாவே அழைத்தாள். "நம்ம வீட்டு மச்சுல கெடந்த ஒங்கண்ணன் பூட்ச அவன் எடுத்துட்டுப் போயிட்டான். கேக்கக்கூட இல்ல."

வளைகுடாவுக்குப் போய்வந்த ஆண்பிள்ளை இருக்கும் எங்கள் பக்கத்து வீடு ஒவ்வொன்றிலும், மூக்கில் இரும்பு வைத்த பாதுகாப்புப் பூட்ஸ் ஒரு ஜோடி மச்சில் கிடக்கும். ஊரில் யாரும் அதைப் போடுவதில்லை. எறியவும் மனம் வருவதில்லை. என் அண்ணனுடையதும் அப்படிக் கிடந்ததுதான்.

வெள்ளிக்கிழமை காலை வரை வீடியோ வரவில்லை. ஊரில் மின்சாரம் இல்லை. மேலாளர் என் அறை வாசலில் இருமுறை வந்து நின்றுவிட்டுப் போனார். மதியம் கடந்தபின் வந்து சேர்ந்தது. அங்கே அப்போது நள்ளிரவு; பக்கத்து ஊரான தக்கலையில் யாருடைய கடையையோ திறக்கவைத்து அனுப்பியிருந்தார்கள்.

அதே கொட்டகை. வாசலுக்கு வெளியே செருப்பு வரிசை, அதில் மாற்றம் இல்லை. வாசலுக்கு உள்ளே பலகை அடித்து, அதன்மேல் பூட்ஸ்கள். கறுப்பு, பழுப்பு, ஒன்றுக்குக் கயிறே இல்லாமல் வலை நூல் கோத்திருந்தது. மாணவர்கள் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, உள்ளே வந்து பூட்ஸ் போடுகிறார்கள். சூசை அண்ணன் தன் பூட்ஸைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டுகிறார்.

"இது இந்த ஷெட்ட விட்டு வெளிய போவாது. ரோட்டுல போனது உள்ள வராது. கேட்டியா? இதான் மொதப் பாடம்."

பிறகு கயிற்றை இழுத்தார். இந்த முறை வேறு கோளாறு வைத்திருந்தார். வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தார்.

8

லிண்டா அதை இரண்டு முறை பார்த்தார். பூட்ஸ்களின் தரச் சான்று இருக்கிறதா என்று கேட்டார். பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய்க்கு நடுவில் தேய்ந்த பூட்ஸ் என்றேன். அதையும் ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டார். இரண்டாம் வீடியோவுக்கு அனுமதி. முதல் வீடியோ மட்டும் போக வேண்டும் என்பதில் அவர் மாறவில்லை.

நான் அதைப் பயிற்சியின் கலந்துரையாடல் பக்கத்தில் அப்படியே எழுதினேன். யாரையும் தூண்டவில்லை, ஒரு தகவலாகத்தான் எழுதினேன். ராய் முதலில் பதில் போட்டார். "அவருடையது போனால் என்னுடையதையும் எடுங்கள். என் மோதிரம் அவர் காலைவிட மோசம்." அடுத்து பராமரிப்பு ஆசிரியை, அடுத்து கார், அடுத்து சமையல். எல்லா முதல் வீடியோவும் போனால் பயிற்சியே இல்லை என்பதை மேலாளர் லிண்டாவிடம் விளக்க வேண்டியிருந்தது. எனக்கு அந்த வேலை மிச்சம். இரண்டு வீடியோக்களும் இன்று அருகருகே இருக்கின்றன.

என்னை ஊரிலிருந்து கேட்பவர்கள் உண்டு, அங்கே போய் நம் பழக்கத்தை விட்டுக்கொடுத்தாயா, அவர்களை மாற்றினாயா என்று. இரண்டும் இல்லை. எங்கள் ஆளைப் பார்த்துப் 'பாவம்' என்று சொல்ல நான் யாரையும் விடவில்லை. எங்கள் ஆள் என்பதற்காக அவர் காலை இரும்புக்கு அடியில் விடவும் நான் தயாராக இல்லை. இரண்டு பக்கத்திலும் எனக்குத் திட்டு கிடைத்தது. அடுத்த குழுவிலும் இதையே செய்வேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது என் மேலாளரிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சான்றிதழ் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் சூசை அண்ணன் அழைத்தார்.

"பேப்பரு வந்துட்டு மக்கா. சூசை சூசைன்னு ரெண்டு தடவ விளிச்சிருக்கு."

"ஒங்க மேனேஜர் என்ன சொன்னாரு?"

"அந்தப் பேப்பரக் கையில பிடிச்சிட்டு ஷெட்டுக்குள்ள வந்தாரு. பாலிஷ் போட்ட ஷூவோட."

"நீங்க என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய? 'வெளிய போயி கழத்திட்டு வாங்க சார்'னு சொன்னேன். பயலுவ எல்லாம் மூச்சு விடாம நிக்கானுவ."

"போனாரா?"

"போவாம? பலகையில ஒங்கண்ணன் பூட்ஸ்தான் மிச்சம் இருந்து. அவருக்கு ரெண்டு சைஸ் பெருசு. அதப் போட்டுட்டு பையப் பைய நடந்து வந்து, என்ஜின் பக்கத்துல நின்னு என் அடுத்த வருச வேலைக் காயிதத்துல ஒப்புப் போட்டாரு."